வாசகர் கேள்வி: டெல்லிக் குளிரில் உறங்கும் சவர்டோ

கடை ஈஸ்ட் போடாமல் புளித்த மாவால் உப்பும் சவர்டோ பிரெட்டுக்காக, டிசம்பர் கடைசியில் ஆட்டாவும் தண்ணீரும் கலந்து ஸ்டார்ட்டர் (பிரெட் மாவைப் புளிக்க வைக்கும் தாய் மாவு) தொடங்கினேன். மூன்றாம் நாள் நன்றாகப் பொங்கியது, அப்புறம் அடங்கிவிட்டது. தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு போடுகிறேன். 12 நாளாகியும் அசைவில்லை. கொட்டிவிடவா?
- வாசகி, ஆர்.கே.புரம்

கொட்டாதீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த பொங்கல் பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலை இல்லை. மாவிலேயே இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் முதலில் பெருகும். புளிப்பு ஏற ஏற அவை ஒடுங்கிவிடும். அந்தப் புளிப்பைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் அதன் பிறகுதான் மெல்லத் தலையெடுக்கும். இடையில் வரும் அமைதியில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் அந்த அமைதி நீளக் காரணம் குளிர். ஜனவரியில் என் அடுக்களைத் தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டும். மயூர் விஹாருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ராத்திரி அரைத்த இட்லி மாவு காலையில் அரைத்தபடியே கிடந்தது. எதிர்வீட்டு மாமிதான் பாத்திரத்தை ரஜாயில் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) சுற்றி வைக்கச் சொன்னார். ஆனால் ஒரு சின்ன பாட்டில் மாவில் சூடு தங்காது, ரஜாய் மட்டும் போதாது. பாட்டிலை அணைத்த ஓ.டி.ஜி.க்குள் (சின்ன மின்சார ஓவன்) வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக் கதவை மூடுங்கள். காலையும் மாலையும் வெந்நீரை மாற்றுங்கள். உள்ளே 25 முதல் 28 டிகிரி இருந்தால் போதும்.

இன்னொன்று, தினமும் பாதியை எடுக்கும்போது இருக்கிற கொஞ்ச ஈஸ்ட்டும் பாதியாகிறது. இரண்டு நாள் புது மாவு போடாமல் கிளறி மட்டும் விடுங்கள். மோர் வாசனையும் குமிழியும் வந்த பிறகு 25 கிராம் ஸ்டார்ட்டருக்கு 25 கிராம் ஆட்டா, 25 கிராம் தண்ணீர். மைதாவைவிடச் சக்கியில் (மாவு மில்லில்) அரைத்த ஆட்டா நல்லது, தவிட்டோடுதான் நுண்ணுயிர்களும் நிறைய வரும். தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும்.

மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் அது பசி, கிளறிவிட்டு மாவு போடுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடோ பூஞ்சையோ கண்டால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் காலையில் மாவு போட்டால் மதியத்துக்குள் ஏறி இறங்கிவிடுகிறது. பிரெட்டும் தட்டையாகி ஒரே புளிப்பு. என்ன செய்ய?
- வாசகர், துவாரகா

செய்முறைகளில் வரும் மணிக் கணக்கு மிதமான சூடுள்ள அடுக்களைக்கானது. நம் ஜூனுக்கு அது பொருந்தாது. 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் ஆட்டா, 50 கிராம் ஃபிரிட்ஜ் தண்ணீர் என்று மாற்றுங்கள். பசி எடுக்க நேரமாகும்.

பிரெட்டுக்கு நான் கோடையில் எடுப்பது: மைதா 400 கிராம், ஆட்டா 100, ஐஸ் தண்ணீர் 350, உப்பு 10, ஸ்டார்ட்டர் 50. குளிர்காலமானால் ஸ்டார்ட்டர் 100. மாவு இரட்டிப்பாகும்வரை காத்திருக்காதீர்கள். அந்தச் சூட்டில் புளிப்பு மிஞ்சி, மாவைத் தாங்கிப் பிடிக்கும் குளூட்டனைத் தளர்த்திவிடும், உங்கள் பிரெட் தட்டையாவது அதனால்தான். ஒன்றரை மடங்கு ஏறியதும் உருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நேராக நிற்கும் பாத்திரத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினால் ஏற்றம் தெரியும். மறுநாள் விடியலில், வெயில் ஏறும் முன், ஓவனில் 230 டிகிரியில் காய்ந்த கனமான பாத்திரத்தில் மூடி 20 நிமிடம், திறந்து 20 நிமிடம் வேகவிடுங்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும், சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

ஒரு மாதம் கும்பகோணம் போகிறேன். ஸ்டார்ட்டர் பிழைக்குமா?
- வாசகி, கரோல் பாக்

பிழைக்கும். கிளம்பும் முன் சப்பாத்தி மாவு பதத்துக்குக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் வெளியே விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். டெல்லியில் மின்வெட்டு பயமிருந்தால் கொஞ்சம் ஸ்டார்ட்டரை பட்டர் பேப்பரில் மெல்லியதாகத் தடவி, நிழலில் காயவைத்து, நொறுக்கி டப்பாவில் போட்டுவிடுங்கள். திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று நாள் மாவு போட்டால் எழுந்துவிடும்.

எடுத்துக் கொட்டும் மாவு வீணாகிறதே?
- வாசகி, முனிர்க்கா

முதல் பத்து நாள் எடுப்பதைச் சாப்பிட வேண்டாம். ஸ்டார்ட்டர் நிலைத்த பிறகு எடுப்பதை ஃபிரிட்ஜில் சேர்த்து, வாரம் ஒருமுறை அரிசி மாவு, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து ரவா தோசைபோல நீர்க்கக் கரைத்து ஊற்றுங்கள். புளித்த மோர் தேவையே இல்லை.