ஸ்டுட்கார்ட்டுக்கு எந்த மடிக்கணினியோடு வருவது?

அன்புத் தங்கைக்கு,

திருநெல்வேலியிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். வரும் அக்டோபரில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் முதுநிலைப் படிப்பில் சேர இருக்கிறீர்கள். கடைக்காரர் 1,60,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் மடிக்கணினியைக் காட்டி, பொறியியல் படிப்புக்கு இதற்குக் குறைந்த எதுவும் தாங்காது என்கிறார். அண்ணன் மேக்புக் வாங்கச் சொல்கிறார். அப்பா கல்விக் கடனோடு இதற்கும் சேர்த்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். எதை வாங்குவது, ஊரில் வாங்குவதா ஜெர்மனிக்கு வந்து வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரிலேயே வாங்குங்கள். ஆனால் அந்த விலையில் பாதிக்கு, கையில் தூக்கினால் பாரம் தெரியாத ஒரு விண்டோஸ் மடிக்கணினியாக வாங்குங்கள். மீதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கேமிங் கணினியின் விலை 1,600 யூரோ ஆகிறது. விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் போட்டிருக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் உங்கள் கைக்கு வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும் என்னும்போது, அந்தக் கணினி உங்களுடைய ஒன்றரை மாத வாழ்க்கையை விழுங்கிவிடும் என்பதை அப்பாவிடம் இந்தக் கணக்கோடு சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012இல் இதே நகரத்துக்கு இதே படிப்புக்கு வந்தபோது, நானும் அப்படியொரு கணினியைத்தான் சுமந்து வந்தேன். சார்ஜரோடு சேர்த்து மூன்றரைக் கிலோ இருந்தது. இயந்திரவியல் வகுப்புகள் பெரும்பாலும் ஃபைஹிங்கன் வளாகத்தில் நடக்கும். பூமிக்கு அடியில் இருக்கும் 'யூனிவெர்ஸிடேட்' நிலையத்தில் எஸ்-பான் ரயிலை விட்டு இறங்கி மேலே ஏறி, வகுப்புக்கு வகுப்பு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடந்து, மாலையில் நூலகத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனால், இரண்டே வாரத்தில் தோள்பட்டை கணக்குக் கேட்கும். அந்த எடைக்குத் தகுந்த உழைப்பை அது செய்ததா என்றால் அதுவும் இல்லை. சார்ஜரைக் கழற்றினால் இரண்டு மணி நேரம் தாங்காது. விசிறிச் சத்தத்தில் நூலகத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் திரையைத் திறக்கும்போது இடப்பக்கக் கீல் பிளந்து, திரை ஒரு பக்கமாகத் தொங்கியது. விற்ற கடையில் வாய்மொழியாக உலகம் முழுவதும் வாரண்டி என்று சொல்லியிருந்தார்கள். இங்குள்ள சேவை மையத்தில் எண்ணைப் பதிந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் வாரண்டி என்று சொல்லிவிட்டார்கள். பழுதுபார்க்க 280 யூரோ ஆயிற்று. அப்போது மாணவர் விடுதியில் நான் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாத வாடகையைவிட அது அதிகம். ஆகவே ஊரில் வாங்கும்போது, வாரண்டி ஜெர்மனியில் செல்லுமா என்பதை அந்த மாடலின் எண்ணைக் குறிப்பிட்டு, தயாரிப்பு நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் பன்னாட்டு வாரண்டிக்குத் தனியே கொஞ்சம் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கட்டுவது வீண் செலவல்ல.

பெரிய கணக்குகளை எதில் போடுவது என்றுதான் கடைக்காரர் உங்களைப் பயமுறுத்தியிருப்பார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் 'சிப் பூல்' என்று அழைக்கும் கணினிக்கூடங்கள் உண்டு. பாடத்துக்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருள்கள் உரிமத்தோடு அங்கே நிறுவப்பட்டிருக்கும். ஆய்வேட்டுக்கு வரும்போது, நீங்கள் சேரும் இன்ஸ்டிட்யூட்டே, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஆய்வுப் பிரிவே, தன் கணினிகளில் உங்களுக்கு இடம் கொடுக்கும். ஃபைஹிங்கன் வளாகத்தில்தான் 1996இல் தொடங்கப்பட்ட ஹெச்எல்ஆர்எஸ் மீத்திறன் கணினி மையமும் இருக்கிறது. என் ஆய்வேட்டுக்கான காற்றோட்டக் கணக்குகள் எல்லாம் இன்ஸ்டிட்யூட்டின் லினக்ஸ் கணினியில்தான் இரவு முழுக்க ஓடின; நான் விடுதி அறையிலிருந்து விபிஎன் வழியாக உள்ளே நுழைந்து, கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு அப்போது சும்மா இருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் ஹீவி எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை கிடைத்துவிட்டால், பெரும்பாலும் ஒரு மேசையும் கணினியும் சேர்ந்தே கிடைக்கும். மென்பொருள்களுக்கும் ஊரில் பணம் கொடுக்காதீர்கள்; மாட்லாப், ஆபீஸ் போன்றவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன, பொறியியல் கணக்குகளுக்கான ஆன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பும் இலவசமாகக் கிடைக்கிறது.

மேக்புக் நல்ல கணினிதான். நீங்கள் கணினி அறிவியல் படிக்க வந்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸும் கேட்டியாவும் விண்டோஸில் இயங்குபவை. 2020 நவம்பருக்குப் பிறகு ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிவிட்டதால், முன்புபோல அதில் விண்டோஸை நேரடியாக நிறுவிக்கொள்ளவும் வழியில்லை. இயந்திரவியல் மாணவி ஒருவர் வரைபடப் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் சிப் பூலுக்கு ஓட வேண்டியிருந்தால், அந்தக் கணினியின் அழகு எதற்கும் உதவாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவைதான். ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். திரை 14 அங்குலம், எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். பேட்டரி ஒரு முழு நாள் வகுப்பைத் தாங்குமா என்று ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள்.

வந்து வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தீர்கள். வந்திறங்கிய முதல் வாரங்களில் நகராட்சிப் பதிவுக்கு நேரம் குறிப்பது, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, அறை தேடி விண்ணப்பிப்பது என்று எல்லாமே கணினி வழியாகத்தான் நடக்கும். இங்கே வங்கிக் கணக்குத் தொடங்கும் வரை முடக்கக் கணக்குப் பணமும் கைக்கு வராது. அந்த நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்க உங்களுக்குத் தெம்பு இருக்காது.

இங்குள்ள கடைகளில் விற்கும் கணினிகளின் விசைப்பலகை ஜெர்மன் மொழிக்கானது என்பதும் நினைவிருக்கட்டும். ஒய் இருக்கும் இடத்தில் இஸட் இருக்கும், இஸட் இடத்தில் ஒய். மின்னஞ்சல் முகவரிக்கான 'அட்' குறி கியூ விசைக்குள் ஒளிந்திருக்கும். நிரல் எழுதத் தேவையான நெளிவு அடைப்புக்குறிகளுக்கு ஆல்ட்ஜிஆர் விசையோடு 7ஐயும் 0வையும் அழுத்த வேண்டும். சிப் பூலில் முதல் நாள் என் கடவுச்சொல்லில் ஒய் எழுத்து இருந்தது. திரையில் வெறும் புள்ளிகளே தெரிந்ததால் தவறு எங்கே என்று புரியாமல் மறுபடி மறுபடி தட்டி, கணக்கு பூட்டப்பட்டு, அதைத் திறக்க மறுநாள் வரை காத்திருந்தேன். பழகிய விசைப்பலகையைக் கொண்டுவருவது முதல் பருவத்தில் பெரிய நிம்மதி.

அதே நேரத்தில், இங்கே வாங்குவதில் உள்ள நன்மையையும் மறைக்கக் கூடாது. கடையில் வாங்கும் புதுப் பொருளுக்கு விற்றவரே இரண்டு ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பு. முதல் ஓராண்டுக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போது அது நன்றாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர்தான். இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பியனுப்பலாம். நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் கணினிகளைச் சுத்தம் செய்து, சரிபார்த்து விற்கும் கடைகளும் உண்டு. பிற்பாடு இரண்டாவது கணினி தேவைப்பட்டால் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

சார்ஜருக்காக வழியில் விற்கும் கனமான அடாப்டர்களை வாங்க வேண்டாம். சார்ஜர் கட்டியின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது அப்படியே இங்கே வேலை செய்யும். அந்தக் கட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் வயரை மட்டும் பாருங்கள்; பெரும்பாலான சார்ஜர்களில் அதன் ஒரு முனை மூன்று இலை சேர்ந்ததுபோல இருக்கும், இழுத்தால் தனியே கழன்று வரும். அதே முனையும் ஜெர்மன் பிளக்கும் கொண்ட வயரை இங்கே சில யூரோக்களுக்கு வாங்கி மாட்டினால் போதும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது; மடிக்கணினியும் கைப்பையிலேயே வரட்டும்.

குளிர்காலத்தைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது பையில் கிடந்த கணினியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சொம்பின்மேல் படிவதுபோல அதன்மேலும் உள்ளேயும் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் அறையில் வைத்திருந்துவிட்டு, பிறகு எடுத்து இயக்குங்கள்.

வாங்குவதற்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் படிப்புக்கான 'மோடூல்ஹாண்ட்பூஹ்' என்னும் பாடக் கையேட்டைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுக்க நினைக்கும் பாடங்களையும் அவற்றில் குறிப்பிட்டிருக்கும் மென்பொருள்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலையும், கடையில் பார்த்த இரண்டு மூன்று கணினிகளின் மாடல் எண்களையும் எனக்கு அனுப்பினால், இந்த வார இறுதிக்குள் பார்த்து எழுதுகிறேன். அதுவரை அப்பாவை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா