‘கெட்’ என்ற ஒரே ஆங்கில வினைக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? எப்படி நினைவில் வைப்பது?

அகராதிப் பட்டியலை மனப்பாடம் செய்யப் பார்த்து, சலித்துப்போய்த்தான் கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். அதை மூடிவையுங்கள். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், வாங்குதல், கிடைத்தல். ‘ஆங்ரி’, ‘ஓல்ட்’ போன்ற பண்புச்சொல் வந்தால் ஆதல்: கோபம் வருவது, வயதாவது. இடம் வந்தால் போய்ச் சேர்தல்: ‘கெட் டு மதுரை’. ஆனால் ‘கெட் டு ஹோம்’ தவறு. அங்கே ‘ஹோம்’ வினையடையாக நிற்பதால் ‘கெட் ஹோம்’ என்பதே சரி.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. சலூனில் வெட்டிக்கொண்டு வந்தாலும் தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாக ஆகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும்: முதலில் ‘ஹேர்’ என்ற செயப்படுபொருள், பிறகு ‘கட்’ என்ற வினையின் மூன்றாம் வடிவம். ஆளைச் சொன்னால் ‘டு’ வேண்டும்: ‘கெட் ஹிம் டு சைன்’. ‘மேக்’ போட்டால் அந்த ‘டு’ வராது: ‘மேக் ஹிம் சைன்’. இரண்டையும் கலப்பதால்தான் பிழை வருகிறது.

இத்தனைக்கும் வேர் ஒன்றே. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது அவர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த ‘கெடா’ என்ற வினை அது. 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுச் சொல் இருந்தது, ஆனால் ‘ஃபர்கெட்’ (மற), ‘பிகெட்’ (பிள்ளை பெறு) போன்ற கூட்டுச்சொற்களுக்குள் மட்டும். அதன் ஒலியும் ‘யெட்’ போலத்தான். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில்கூட ‘ஃபர்யெட்’ என்ற வடிவம் உண்டு. இன்றைய வல்லின ஒலி நார்ஸ் கொடுத்தது. ‘கெடா’ என்றால் அடைவது, பிள்ளை பெறுவது. நம் ‘பெறு’வும் பரிசுக்கும் பிள்ளைக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். (ஒப்புமையைத்தான் சொல்கிறேன், உறவு கொண்டாடவில்லை.) பொருளை அடைவது, இடத்தை அடைவது, நிலையை அடைவது என்று விரிந்ததாக எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

மொழியியல் படித்தவர்கள் ‘இவ்வளவு எளிதா?’ என்று கேட்கலாம். ‘கெட் ஓவர்’ (மீண்டு வருதல்), ‘கெட் அலாங்’ (ஒத்துப்போதல்) போன்ற தொடர்கள் இதில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். அவற்றைத் தனிச் சொற்களாகவே படிக்க வேண்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘கெட்’ கொச்சை, ‘அப்டெய்ன்’ என்று எழுது எனப் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மை தீட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலகக் கடிதத்தில் ‘ரிசீவ்’ பொருந்தும், சரி. ‘கெட் ஹோம்’ வரும் இடத்தில் ‘அப்டெய்ன்’ எப்படிப் பொருந்தும்? ‘கெட்’டின் மூன்றாம் வடிவமாக ‘காட்’டுக்குப் பதில் ‘காட்டன்’ என்று எழுதினாலும் அடிக்கிறார்கள். பிரிட்டனில் பெரிதும் வழக்கொழிந்து அமெரிக்காவில் தங்கிய பழைய வடிவம் அது. அங்கே ‘ஐ ஹாவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐ ஹாவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியாயிற்று. ‘ஃபர்காட்டன்’ என்று பிரிட்டனிலும் இன்றுவரை எழுதுகிறார்கள். அதை யாரும் அடிப்பதில்லை.