22,000 ரூபாய்க்கு நாலு மேக்வீல்: வாங்கலாமுங்களா?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2019 மாடல் ஸ்விப்ட், பெட்ரோல் வண்டி. இரும்பு வீல், 165/80 ஆர்14 டயர். டயர் தேய்ந்துவிட்டதால் மாற்றும்போதே மேக்வீலும் (அலுமினிய அலாய் வீல்) போட்டுவிடலாம் என்று கோவையில் ஒரு கடைக்குப் போனேன். 16 இஞ்ச் வீல் நாலும் சேர்த்து 22,000 ரூபாய் என்றார்கள். கம்பெனி வீலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், 'எல்லாம் ஒரே மோல்டுதானுங்க, ஒண்ணும் ஆகாது' என்கிறார்கள். தினமும் திருப்பூர் போய் வருகிறேன். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை குடும்பத்தோடு வால்பாறை. இது தாங்குமா, வாங்கலாமுங்களா?"

வாங்கலாம். ஆனால் அந்த 16 இஞ்ச் வேண்டாம். இன்ன கம்பெனி என்று தெரியாத வீலும் வேண்டாம். அதே பணத்தில் 15 இஞ்சில் நல்ல வீல் கிடைக்க வழி இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது அலுமினிய பவுண்டரியில், தரப் பரிசோதனைப் பிரிவில். இப்போது டயர், அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். வீல் பிறக்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், உடைந்து வருகிற இடத்தையும் தினமும் பார்க்கிறேன். போன மாதம் ஒரு வண்டி வந்தது. முன் இடது சக்கரத்தில் மூன்று வாரமாகக் காற்று இறங்குகிறது. இரண்டு கடையில் வால்வு மாற்றியாகிவிட்டது, ஆணி எதுவும் இல்லை. வெளிப்பக்கம் ஒரு கீறல்கூடக் கிடையாது, பளபளவென்று இருக்கிறது. வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டு, உள் விளிம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கடுகு கடுகாக நுரை கிளம்பி, ஒரே கோட்டில் வரிசையாக நின்றது. இரண்டு இஞ்ச் நீளத்துக்கு மயிரிழை விரிசல். அந்த வண்டியில்தான் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். வீல் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

அந்த வீலை அவர் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். விரிசல் வழியாக உடைத்துப் பார்த்தேன். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், ராகி அளவுக்கு ஓட்டை ஓட்டையாக இருந்தது. பவுண்டரி பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ப்ளோ ஹோல். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊற்றுவதற்கு முன் அதை வெளியேற்றாவிட்டால், உலோகம் உறையும்போது அது குமிழியாக உள்ளேயே தங்கிவிடும். நம் ஊரில் பம்ப் பாடியை வார்த்தால் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். வீலுக்கும் அப்படிக் காற்றுக்கசிவுச் சோதனை உண்டு, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. மலிவு வீலில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

'ஒரே மோல்டு' என்ற பேச்சுக்கு வருவோம். மோல்டு கொடுப்பது வடிவத்தை மட்டும்தான். வலு எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்று உலோகக் கலவை, இன்னொன்று வார்த்த பிறகு கொடுக்கும் சூடு. கார் வீலுக்குப் பெரும்பாலும் ஏ356 என்ற கலவை. அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம். வார்த்த வீலை 540 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, மறுபடி 150, 160 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். டி6 என்பது இதற்குப் பெயர். இதைச் சரியாகச் செய்த வீல், செய்யாத வீலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை வந்த பிறகுதான் வளைய ஆரம்பிக்கும். கரண்டும் எரிபொருளும் தின்கிற வேலை. இதை அரைகுறையாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பெயிண்ட் எல்லாவற்றையும் மூடிவிடும்.

அதனால் கடையில் வீலின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். பின்பக்கம், ஆரங்களின் முதுகிலோ நடுவட்டத்தைச் சுற்றியோ எழுத்துகள் வார்த்திருக்கும். தயாரித்தவர் பெயர் அல்லது முத்திரை, அளவு, ஆப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு), எந்த வாரம் எந்த வருசம் வார்த்தது, எத்தனை கிலோ தாங்கும் என்ற மேக்ஸ் லோடு எண். இந்தக் கடைசி எண் இல்லாத வீலை நான் என் வண்டிக்குப் போடமாட்டேன். உங்கள் பெட்ரோல் ஸ்விப்ட் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ சொச்சம். நாலால் வகுத்தால் 330 பக்கம் வரும், ஆனால் என்ஜின் முன்னால் இருப்பதால் முன் சக்கரங்களுக்குப் பாரம் கூடுதல். 450 கிலோவுக்குக் குறையாமல் பொறித்திருக்க வேண்டும், 500 என்றால் நிம்மதி.

ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற எழுத்துகளும் பல வீல்களில் இருக்கும். முதலாவது ஜப்பானின் அலாய் வீல் தரம். அதைத் தயாரிப்பவரே சோதித்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, தனி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தது. எழுத்தை மோல்டில் வெட்டுவது யாருக்கும் எளிது என்பதால் இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நம் நாட்டில் 2020இல் மத்திய அரசு வாகன வீல்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். போனில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரும் பிஐஎஸ் கேர் செயலியை இறக்கி, கடையில் நின்றபடியே அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். இரண்டு நிமிச வேலைதான், தயங்காமல் செய்யுங்கள்.

சோதனை என்றால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் இந்த முத்திரையின் மதிப்பு புரியும். ஐஎஸ்ஓ 7141 என்ற மோதல் சோதனையில் டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, மேலிருந்து இரும்பு எடையை விழவிடுவார்கள். வீல் தாங்கும் பாரம் எவ்வளவோ அதில் 0.6 பங்கு, அதோடு 180 கிலோ. 450 கிலோ வீலுக்குக் கணக்குப் போட்டால் எடையும் சரியாக 450 கிலோவே வருகிறது. அதை 23 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விளிம்பின் மேல் விடுகிறார்கள். வீலின் நடுப்பாகம் வரை ஊடுருவிய விரிசல் விடக்கூடாது, ஒரு நிமிசத்துக்குள் காற்று மொத்தமும் போய்விடக்கூடாது. ராத்திரி மழையில், தண்ணீர் தேங்கிய குழி தெரியாமல் 60இல் இறக்கினால் உங்கள் வீலுக்கு ஆவது இதே மாதிரி அடிதான்.

இனி 16 இஞ்ச் ஏன் வேண்டாம் என்பது. இப்போது உங்கள் 165/80 டயரின் பக்கச்சுவர், 165இல் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர் உயரம். 15 இஞ்சுக்கு 185/65 போட்டால் 120. 16 இஞ்சுக்கு 195/55 போட்டால் 107, சில கடைகளில் தள்ளிவிடும் 195/50 என்றால் 97 அல்லது 98தான். குழியின் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர் சுவர். அது குறையக் குறைய அடி நேராக ரிம்முக்குப் போகும். நல்ல வீலே திணறும் இடத்தில் மலிவு வீலைக் கொண்டுபோய் நிறுத்துவது போல ஆகிவிடும். கிராமத்து வேகத்தடைகளையும், ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓரம் உடைந்த தாரையும் யோசித்துப் பாருங்கள்.

185/65 ஆர்15 உங்கள் ஸ்விப்ட்டின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே போட்டுக் கொடுத்த அளவு. மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர் சொச்சம், உங்கள் பழைய டயர் 620ஐ ஒட்டி. ஸ்பீடாமீட்டர் மாறாது, டயர் எங்கும் உரசாது. 195/50 போட்டால் விட்டம் 601க்கு இறங்கி வண்டியும் தரையை நெருங்கிவிடும்.

பொருத்தம் பற்றிக் கொஞ்சம். ஸ்விப்ட்டுக்கு நாலு போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1. கடையில் வரும் பொது வீல்கள் பலவற்றில் நடுத்துளை 73.1 இருக்கும், பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று. இடையில் இருக்கும் வெற்றிடத்துக்கு வளையம் ஒன்று உண்டு, ஹப் ரிங் என்பார்கள். அது இல்லாமல் மாட்டினால் வீல் இம்மியளவு மையம் விலகி உட்காரும். பிறகு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் பேலன்சிங் என்று கடை கடையாக அலைவீர்கள். வளையம் மலிவான சாமான், கேட்டு வாங்குங்கள். எட்டுத் துளை போட்டு இரண்டு வித வண்டிக்கும் பொருந்தும் வீல் வேண்டாம் என்பது என் கருத்து. போல்ட் உட்காரும் இடம் வீலில் அதிக இழுப்பு வாங்கும் இடங்களில் ஒன்று, அங்கே தேவையில்லாத ஓட்டை எதற்கு?

மேக்வீல் லேசு, மைலேஜ் கூடும் என்று சொல்வதை மலிவு வீலுக்கு நம்பாதீர்கள். வார்ப்பின் தரத்தில் நம்பிக்கை இல்லாதவர் கனத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டுவார். இரும்பு வீலைவிடக் கனமான மேக்வீல்களைத் தராசில் வைத்தே பார்த்திருக்கிறேன்.

பெயிண்ட் விசயத்தில் நம் ஊர்த் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படிந்துவிடும். அதை எடுக்க வாட்டர் சர்வீஸில் சிலர் ஆசிட் கலந்த திரவம் அடிக்கிறார்கள். மேல் பூச்சைத் தின்றுவிடும், அப்புறம் ஆரத்தின் ஓரங்களில் புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு கிளம்பும். ஷாம்பு போதும் என்று சொல்லி, துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். குரோம் பூச்சு வீல் வாங்கவே வேண்டாம்.

வீல் வளைந்துவிட்டால் கேஸ் தீயில் காட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். மேலே சொன்ன டி6 சூட்டின் பலன் அந்தத் தீயில் அந்த இடத்திலேயே போய்விடும். உள் விளிம்பில் லேசான நெளிவு என்றால் சூடு காட்டாமல் அழுத்தி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். விரிசலுக்கு வெல்டிங் வைத்த வீலை யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும் போடாதீர்கள், தயவுசெய்து.

உங்கள் 22,000க்கு நான் செய்வது இது. முதலில், மேல் வேரியண்டிலிருந்து கழற்றிய கம்பெனி 15 இஞ்ச் வீல் நாலு தேடுவேன். புது வண்டி எடுத்தவுடனே பெரிய வீலுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கழற்றியது நல்ல நிலையில் வரும். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் பேலன்சிங் மெஷினில் ஏற்றி வெறும் வீலாகச் சுற்றவிட்டு, உள் விளிம்பைக் கண்ணால் பாருங்கள். ஆடினால் தெரிந்துவிடும். அது அமையாவிட்டால், பெயரும் உரிம எண்ணும் உள்ள கம்பெனியின் புது 15 இஞ்ச். பில்லும், எழுத்தில் வாரண்டியும் கட்டாயம். இரண்டுமே அமையாவிட்டால் உங்கள் இரும்பு வீலே இருக்கட்டும், பணத்தை நல்ல டயரில் போடுங்கள். இரும்பு வளையுமே தவிர சட்டென்று வெடிக்காது.

மாட்டியதும் நட்டை ஏர் கன்னில் விட்டுவிடாமல், மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும், புது வீல் உட்காரும்போது கொஞ்சம் தளரும். இன்சூரன்ஸ்காரரிடமும் வீல் மாற்றியதைச் சொல்லிவிடுங்கள். பழைய இரும்பு வீல்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு சில நூறு ரூபாய் கழிப்பதாகச் சொல்வார். கொடுக்காதீர்கள். புது வீலுக்கு வேறு நட் கொடுத்தால் பழைய நட்டுகளையும் ஒரு பையில் கட்டி ஸ்டெப்னி குழியில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னி உங்களுக்கு இரும்பு வீல்தான், வழியில் அதை மாட்ட அந்த நட்டுதான் வேண்டும்.