புதிய மென்பொருளுக்கு, எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்றையே பெயராக வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் ஏற்கெனவே ஒரு பெயரை மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு, யாராவது சரி என்று சொன்னால் போதும் என்று காத்திருக்கிறீர்கள் என ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தவறுதலாக அழித்துவிட்ட கோப்புகளை மீட்டுத் தரும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி, சில ஆண்டுகளுக்கு முன் இலவசமாக வெளியிட்டேன். சாம்பலிலிருந்து எழும் பறவையைவிடப் பொருத்தமான பெயர் அதற்கு ஏது என்று எண்ணி, 'ஃபீனிக்ஸ்' என்று வைத்தேன். அவ்வளவு பொருத்தமான பெயர் எனக்கு முன்பே பலருக்கும் தோன்றியிருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. 1980இல் வந்த ஆர்கேட் விளையாட்டு, எலிக்சிர் என்ற நிரல்மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு, எச்பேஸ் என்ற தரவுத்தளத்தின் தரவுகளை எஸ்கியூஎல் என்ற வினவல் மொழி மூலம் கையாள உதவும் அப்பாச்சி ஃபீனிக்ஸ், 2008 மே மாதம் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலம், ஒரு பிரெஞ்சு இசைக்குழு, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் போட்டிக்காக 2019இல் வெளியான பாடல் என எல்லாமே ஃபீனிக்ஸ்தான். கோப்பு மீட்பு மென்பொருள்களிலும் அந்தப் பெயர் முன்பே புழங்கிக்கொண்டிருந்தது. தேடினால் என் பக்கம் கண்ணில் படாது. புகழ் கிடைக்காவிட்டால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஓர் ஆய்வு மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கள ஆய்வில் எடுத்த 41 ஒலிப்பதிவுகளை அவர் தவறுதலாக அழித்திருந்தார். "ஃபீனிக்ஸ் என்று தேடு, இலவசம்தான்" என்று தோழி ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மாணவி தேடியதும் முதலில் கிடைத்த ஃபீனிக்ஸை நிறுவினார், அது வேறொன்று. அடுத்ததும் வேறொன்று. மூன்றாவதாகத்தான் என்னுடையதற்கு வந்து சேர்ந்தார். வன்தட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அடுத்து எதை எழுதினாலும் அது அந்த இடத்தில் போய் உட்காரக்கூடும். அவர் தேவையற்ற இரண்டு மென்பொருள்களையும் பதிவுகள் இருந்த அதே வன்தட்டில்தான் நிறுவியிருந்தார்.

மீட்ட பதிவுகளில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாக இருந்தன. திறந்தால் நான்கு நொடிகள் ஒரு முதியவரின் பேச்சு, அதன் பிறகு வெறும் இரைச்சல்.

எச்சரிக்கையைப் படிக்காதது அவர் பிழை என்று சிலர் சொல்லக்கூடும். அழிந்த கோப்புகள் இருந்த தட்டில் எதையும் நிறுவாதீர்கள் என்று என் பக்கத்தில் எழுதித்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்துக்கு அவர் மூன்றாவதாக அல்லவா வந்தார்? அவரை அங்கே நேராகக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டியது நான் வைத்த பெயர்.

பெரிய மென்பொருள்களெல்லாம் பொதுச் சொற்களைப் பெயராகக் கொண்டுதானே வளர்ந்தன என்றும் கேட்பார்கள். கூகுள் 2009இல் 'கோ' மொழியை வெளியிட்டபோது அதே பெயரில், ஆச்சரியக்குறியோடு, வேறொரு நிரல்மொழி ஏற்கெனவே இருந்தது; பலகை விளையாட்டு ஒன்றும் நூற்றாண்டுகளாக அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த மொழி நிலைத்தது உண்மைதான். ஆனாலும் இன்றும் தேடுபவர்கள் 'கோலாங்' என்றுதான் தட்டச்சு செய்கிறார்கள். மொசில்லாவின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 2002இல் அவர்களுடைய உலாவியின் பெயரும் ஃபீனிக்ஸ்தான். கணினிகளுக்கு பயாஸ் (கணினியை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) எழுதும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் வணிகக்குறிச் சிக்கல் எழுந்ததால், 2003இல் 'ஃபயர்பேர்ட்' என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஒரு திறமூலத் தரவுத்தளம் இருந்ததால் அதன் குழுவினர் கடுமையாக எதிர்த்தார்கள். 2004 பிப்ரவரியில்தான் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற பெயர் வந்தது. அது செம்பாண்டா என்ற விலங்கைக் குறிக்கும் சொல்; முதல் யோசனையில் யாருக்கும் தோன்றாத பெயர் என்பதே அதன் பலம் என்று நினைக்கிறேன். இரண்டு முறை பெயர் மாற்றியும் தாக்குப்பிடிக்கும் வலு அவர்களுக்கு இருந்தது. தனியாளாக எழுதும் நமக்கு அது இருக்காது.

தேடுபொறிகள் இப்போது சூழலைப் புரிந்துகொள்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுப் பிறந்த மென்பொருளைப் பற்றி யாரும் எதுவும் எழுதியிராதபோது, தேடுபொறி எதை வைத்துச் சூழலைப் புரிந்துகொள்ளும்?

அந்த மின்னஞ்சல் வந்த வாரமே பெயரை மாற்றினேன். இரண்டு சொற்களை ஒட்டி ஒரு புதுச் சொல்லை உருவாக்கி, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, ஒரு முடிவும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே வைத்தேன். அதைத் தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லி, எழுத்துப் பிழையின்றித் தட்டச்சு செய்கிறாரா என்றும் பார்த்தேன். உங்கள் பெயரையும் வெளியிடுவதற்கு முன் இந்த இரண்டு வழிகளிலும் சோதித்துவிடுங்கள்.