பேக்யார்டுல ஃப்ரெண்டோட துப்பாக்கியை சுட்டுப் பாத்தேன், எச்-1பி வேலை விசாவுல இருக்கேன், பிரச்சனை வருமா?

கேள்வி இதுதான்: டெக்சாஸ்ல ஹூஸ்டனுக்கு வெளிய, சிட்டி லிமிட்ல சேராத ஒரு சப்டிவிஷன்ல (வீட்டு மனைப் பிரிவுல) 2 ஏக்கர் வீடு. கூட வேலை பாக்கற அமெரிக்க நண்பர் .22, 9 எம்எம், .223னு மூணு வேற வேற தோட்டா அளவுல மூணு துப்பாக்கி கொண்டு வந்திருக்கார். ட்ரைவால் ஷீட் (வீட்டுச் சுவருக்குப் போடற ஜிப்சம் பலகை), ப்ளைவுட், பழைய ஃப்ரிட்ஜ் கதவு, தண்ணி கேன் எல்லாம் வரிசையா வச்சு எது எவ்வளவு தூரம் துளைக்குதுன்னு ரெண்டு பேரும் சுட்டுப் பாத்து வீடியோவும் எடுத்திருக்காங்க. அப்புறம் பக்கத்து வீட்டு ஷெட்ல ஒரு ஓட்டை. ஷெரிஃப் ஆபீஸ்ல (கவுன்டி, அதாவது மாவட்டப் போலீஸ்) இருந்து டெப்யூட்டி வந்து பேர் எழுதிட்டு, திரும்ப கூப்பிடுறேன்னு போயிருக்கார். "துப்பாக்கி என்னோடது இல்ல, ஷெட்டுக்குப் பணம் கட்டிட்டா முடிஞ்சிடுமா?"ன்னு கேக்கறீங்க.

முடியாதுங்க. நீங்க ஷெட்டைப் பத்தி கவலைப்படறீங்க, நான் உங்க விசாவைப் பத்தி கவலைப்படறேன். அமெரிக்க ஃபெடரல் சட்டம், டைட்டில் 18 செக்ஷன் 922(ஜி)(5)(பி) என்ன சொல்லுதுன்னா நான்-இமிக்ரன்ட் (நிரந்தரமா குடியேற இல்லாத, தற்காலிக) விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. எச்-1பி, அவங்க குடும்பத்துக்கான எச்-4, ஸ்டூடண்ட் விசா எஃப்-1 எல்லாம் இதுல வரும். வச்சிருக்கறதுன்னா சொந்தமா வாங்கறது மட்டும் இல்ல, கையில எடுத்து சுட்டாலே பொசஷன் (வச்சிருந்த குற்றம்)னு கேஸ் போட முடியும். 2022ல சட்டத்தை மாத்தினதுல இருந்து அதிகபட்ச தண்டனை 15 வருஷம். ஃப்ளோரிடாவுல ரெஹைஃப்னு ஒரு ஸ்டூடண்ட், விசா ஸ்டேட்டஸ் போனப்புறம் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் சுட்டதுக்கே கேஸ் ஆகி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2019ல கோர்ட் சொன்னது, தன்னோட ஸ்டேட்டஸ் என்னன்னு அவருக்கே தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசு நிரூபிக்கணும். உங்களுக்கு அது பெருசா உதவாது, எச்-1பியில இருக்கறது உங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

ஒரு விலக்கு இருக்கு. அமெரிக்காவுல ஏதாவது ஒரு ஸ்டேட் முறையா கொடுத்த ஹண்டிங் லைசென்ஸ் அன்னைக்கு உங்ககிட்ட இருந்திருந்தா 922(ஒய்)(2) உங்களைக் காப்பாத்தும். இப்ப ஓடிப் போய் வாங்கினா, போன வாரம் நடந்ததுக்கு அது செல்லாது.

டெக்சாஸ் சட்டம் வேற. லட்சம் பேருக்கு மேல இருக்கற சிட்டிக்குள்ள அஜாக்கிரதையா சுட்டா கிளாஸ் ஏ மிஸ்டிமீனர் (சின்ன குற்றங்கள்ல பெரிய வகை), ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 4,000 டாலர் வரைக்கும் ஃபைன். நீங்க சிட்டிக்கு வெளிய இருக்கறதால அது பொருந்தாது, ஆனா சப்டிவிஷன்ல 10 ஏக்கர் அல்லது அதுக்குக் குறைவான இடத்துல சுடறதுக்கு கவுன்டியே கட்டுப்பாடு போடலாம், உங்க கவுன்டி போட்டிருக்கான்னு முதல்ல பாக்கணும். அதை விடப் பெருசு "டெட்லி கான்டக்ட்": அடுத்தவங்களுக்குப் பலத்த காயம் ஆகற ஆபத்து வர்ற மாதிரி அஜாக்கிரதையா நடந்துக்கிட்டா கிளாஸ் ஏ, ஆள் இருக்கலாம்ங்கறதை யோசிக்காம வீடு கட்டடம் இருக்கற திசையில தெரிஞ்சே சுட்டா அது ஃபெலனி (பெரிய குற்றம்), 2ல இருந்து 10 வருஷம். .22 தானே சின்னதுன்னு நினைக்காதீங்க, அந்த தோட்டா டப்பாவுலயே ஒரு மைலுக்கு மேல போகும்னு எச்சரிக்கை போட்டிருப்பாங்க. அரை இன்ச் ட்ரைவாலை மூணுமே துளைச்சிட்டுப் போகும். பின்னாடி மண் மேடு இல்லாம ப்ளைவுட்டை நிறுத்தி வச்சு சுட்டது, அதுவும் எவ்வளவு தூரம் துளைக்கும்னு பாக்கறதுக்காகவே சுட்டது, அந்த வீடியோவை ப்ராசிக்யூட்டர் ஜூரிக்குப் போட்டுக் காட்டினா எப்படி இருக்கும்னு யோசிங்க. அந்த ஷெட்ல அன்னைக்கு ஒரு குழந்தை விளையாடிட்டு இருந்திருக்கலாம், அதை நினைச்சா எனக்கு மனசு பதறுது.

அதுக்காக வீடியோவை டெலீட் பண்ணிடாதீங்க, தயவு செஞ்சு. விசாரணை நடக்குதுன்னு தெரிஞ்சும் அழிச்சா அது சாட்சியத்தைக் கலைச்ச குற்றம், டெக்சாஸ்ல தனி ஃபெலனி. வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தா அதைப் பத்தி அங்க பேசறதையும் நிறுத்துங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு "சாரி, நான்தான் சுட்டேன்"னு மெசேஜ் போடாதீங்க, மன்னிப்பு கேக்கணும்னு தோணறது நல்ல மனசுதான், ஆனா அது எழுத்துல இருக்கற ஒப்புதல் வாக்குமூலம். ஷெட் ரிப்பேர் காசை வக்கீல் மூலமா கொடுத்துக்கலாம். டெப்யூட்டி கூப்பிட்டா மரியாதையா "என் வக்கீல் பேசுவார்"னு மட்டும் சொல்லுங்க, பொய் மட்டும் சொல்லவே சொல்லாதீங்க.

கிரிமினல் வக்கீல் ஒருத்தர், இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர், ரெண்டு பேரும் வேணும். ஏன்னா டெக்சாஸ்ல "டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளி வச்சு கண்காணிப்புல விடறது) வாங்கிக்கோங்க, ரெக்கார்டுல கன்விக்ஷன் (குற்றவாளின்னு தீர்ப்பு) வராது"ன்னு சொல்வாங்க, ஸ்டேட்டுக்கு அது சரி, ஆனா குற்றத்தை ஒத்துக்கிட்டு அதை வாங்கினா இமிக்ரேஷன் சட்டத்துல அதுவும் கன்விக்ஷன்தான். துப்பாக்கி சம்பந்தப்பட்ட கன்விக்ஷன் இருந்தா கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களையே நாடு கடத்தலாம், நீங்க இன்னும் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) லைன்ல நிக்கறீங்க. 2010ல படில்லா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ப்ளீ பண்றதுக்கு (குற்றத்தை ஒத்துக்கறதுக்கு) முன்னாடி நாடு கடத்தற அபாயத்தை கட்சிக்காரருக்கு வக்கீல் சொல்லியே ஆகணும்னு. அதனால அதைக் கேக்காம எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

நண்பரும் நீங்களும் ஒரே வக்கீலை வைக்காதீங்க. உங்க விசா விவரம் தெரிஞ்சே துப்பாக்கி கொடுத்தாரான்னு அவரையும் கேப்பாங்க, அப்ப அவர் தன்னைக் காப்பாத்திக்க சொல்ற பதில் உங்களுக்கு எதிரா திரும்பலாம். உங்க மனைவியும் அன்னைக்கு ஒரு ரவுண்டு சுட்டாங்கன்னு கடைசி வரியில எழுதியிருக்கீங்க, அவங்க எச்-4ன்னா இது எல்லாமே அவங்களுக்கும் அப்படியே பொருந்தும், அவங்களையும் கூட்டிட்டு நாளைக்கே வக்கீலைப் பாருங்க.