ஜீனா ரோலண்ட்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நடிப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் அமெரிக்க நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் பெயரைச் சொல்கிறீர்கள். அதனால் போன வாரம் அவர் நடித்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' பார்க்க உட்கார்ந்தேன். அவர் வேடமான மேபலை மனநல மருத்துவமனைக்கு அனுப்பும் இடத்தோடு நிறுத்திவிட்டேன், அதற்குமேல் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது மிகைநடிப்பாகத்தான் பட்டது. எத்தனை கையசைப்பு, எத்தனை முகக்கோணல்! பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்டுடியோ ஒப்பந்தத்தோடு தொடங்கியவர், தன் நல்ல வயதையெல்லாம் கணவரும் இயக்குநருமான ஜான் கசவெட்டிஸின் யாரும் பார்க்காத படங்களில் கழித்திருக்கிறார். கணவனின் கனவுக்காக ஒரு திறமையான பெண் தன்னைச் சுருக்கிக்கொண்ட கதைதானே இது? வருத்தமாக இருந்தது, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் நிறுத்திய இடத்தில் நானும் முதல்முறை நிறுத்தியிருக்கிறேன். டாக்டர் ஊசியோடு நிற்கிறார், மாமியார் கத்துகிறார், மேபல் விரல்களைச் சிலுவைபோல் வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அதைத் தாண்டிப் போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதனால் அதில் உங்கள் மேல் எனக்குக் குறையில்லை.

ஆனால் மிகைநடிப்பு என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். மிகையாக நடிப்பது மேபல். ரோலண்ட்ஸ் அவளை வெகு துல்லியமாகச் செய்கிறார். இரண்டும் வேறு வேறு. மேபல் லாங்கெட்டி மூன்று குழந்தைகளின் தாய், நகராட்சியில் வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரியின் மனைவி. எல்லோருக்கும் பிடித்தமானவளாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு தவிப்பு. எப்படி இருக்க வேண்டும் என்று சொல், அப்படியே இருக்கிறேன் என்று கணவனிடமே கேட்கிறாள். அவனுக்கும் அது தெரியாது.

காலையில் நடக்கும் அந்த ஸ்பகெட்டி காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். முந்தைய இரவு கணவனும் மனைவியும் தனியாக இருப்பதற்காகக் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழாய் வெடித்து, கணவன் நிக் வேலைக்குப் போய்விடுகிறான். விடிந்ததும் கூடவே வேலைபார்த்த ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வருகிறான். அவள் முகம் சுளிக்கவில்லை. அத்தனை பேருக்கும் சமைக்கிறாள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறாள். ஒருவர் ஓபரா பாட ஆரம்பித்ததும், இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுபோல் அவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். அப்புறம் கூச்சப்படும் ஓர் ஆளை நடனமாட எழுப்பப் பார்க்கிறாள். நிக் ஒரு சத்தம் போடுகிறான். மேசையே அடங்கிப்போகிறது. அவள் செய்ததில் தப்பு என்ன? ஒன்றுமில்லை, ஒரு பிடி கூடிவிட்டது, அவ்வளவுதான். உபசரிப்பு எந்த நொடியில் சங்கடமாக மாறியது என்று நம்மால் விரல் வைத்துச் சொல்ல முடியாது. ரோலண்ட்ஸ் அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறார். நீங்கள் சொன்ன கையசைப்பெல்லாம் சொல் கிடைக்காத ஒருத்தியின் பேச்சு.

இது எழுதிவைக்காமல், கேமரா முன்னால் அப்போதைக்கு மனதில் பட்டபடி செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். கசவெட்டிஸின் முதல் படமான 'ஷேடோஸ்' அப்படி உருவானதுதான். ஆனால் இந்தப் படத்துக்கு முழு வசனப் பிரதி இருந்தது. தடுமாற்றம்போல் கேட்கும் வரிகளும் எழுதப்பட்டவை. எழுதிய வரியை அந்த நொடியில் பிறந்ததாகக் கேட்கவைப்பதற்கு எத்தனை உழைப்பு வேண்டும் என்று நடிப்புத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் என்னை எழுதவைத்தது.

ஜீனா ரோலண்ட்ஸ் 1930இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் நாடகப் பள்ளியில் படித்தார், அங்கேதான் கசவெட்டிஸைச் சந்தித்தார். 1954இல் கல்யாணம். 1956இல் பிராட்வே மேடையில் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு ஜோடியாக நடித்தது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. எம்ஜிஎம் ஸ்டுடியோ ஒப்பந்தம் அதன் பிறகு வந்தது. 1958இல் முதல் படம். 1962இல் கிர்க் டக்ளஸுடன் 'லோன்லி ஆர் தி பிரேவ்'. நடுநடுவே நிறையத் தொலைக்காட்சி. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கதாநாயகனுக்காகக் காத்திருக்கும் அழகான மனைவி வேடங்கள். அந்தக் காலத்து ஹாலிவுட் அவர் வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கொடுத்தது.

1963இல் வந்த 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' படத்தைக் கசவெட்டிஸ் இயக்கினார், தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் படத்தொகுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். படம் தன்னுடையதல்ல என்று கசவெட்டிஸ் ஒதுங்கிவிட்டார். அதற்கு அடுத்த படமான 'ஃபேசஸ்' 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. எங்கே? இவர்கள் வீட்டிலும் ரோலண்ட்ஸின் அம்மா வீட்டிலும். 1965இல் படப்பிடிப்பு, வெளிவந்தது 1968இல். பணம்? வெளிப் படங்களில் நடித்து வாங்கிய சம்பளம். அமெரிக்க சுயாதீன சினிமா என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லும் ஒன்று, சின்னக் குழந்தைகள் உள்ள ஒரு வீட்டின் கூடத்திலும் சமையலறையிலும் உருவானது. அந்த வீட்டில் ரோலண்ட்ஸ் வெறும் நடிகை மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

மேபல் எப்படிப் பிறந்தாள் என்பதைப் பாருங்கள். இந்தக் காலத்துப் பெண்களின் கஷ்டங்களைப் பற்றித் தான் மேடையில் நடிக்க ஒரு நாடகம் வேண்டும் என்று ரோலண்ட்ஸ் சொன்னார். கசவெட்டிஸ் எழுதிக் கொடுத்தார். ரோலண்ட்ஸ் படித்துவிட்டு, இதை வாரத்துக்கு எட்டுக் காட்சி நடித்தால் நான் செத்துப்போவேன் என்கிற மாதிரி பதில் சொன்னார். அதன் பிறகுதான் அது திரைக்கதையானது. வேண்டும் என்று கேட்டவரும் அவர், மேடைக்கு வேண்டாம் என்றவரும் அவர். இதில் சுருங்கிப்போன பெண்ணை நான் பார்க்கவில்லை.

எந்த ஸ்டுடியோவும் பணம் போடவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள். நிக்காக நடித்த பீட்டர் ஃபால்க், 'கொலம்போ' தொடரில் சம்பாதித்ததிலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார். குழுவில் பலர் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள். கதையில் வரும் இரண்டு அம்மாக்களும் நிஜ அம்மாக்கள்: மேபலின் அம்மாவாக ரோலண்ட்ஸின் அம்மா, நிக்கின் அம்மாவாகக் கசவெட்டிஸின் அம்மா. படம் முடிந்ததும் வாங்க விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. கசவெட்டிஸே தியேட்டர்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசி வெளியிட்டார். 1974 நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டிய பிறகு காற்று திசைமாறியது. ரோலண்ட்ஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அந்த ஆண்டு ஆஸ்கர் எலன் பர்ஸ்டினுக்குப் போனது. 'குளோரியா'வுக்காக 1981இல் மீண்டும் பரிந்துரை, அப்போதும் இல்லை. கடைசியில் 2015இல் ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். ரொம்பத் தாமதம் என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு.

யாரும் பார்க்காத படங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 'ஓப்பனிங் நைட்' 1977இல் முடிந்தது. வயதாகிக்கொண்டிருக்கும் மேடை நடிகை மிர்ட்டில் கார்டனாக ரோலண்ட்ஸ் நடித்தது அது. பெர்லின் திரைப்பட விழாவில் 1978இல் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவிலோ லாஸ் ஏஞ்சலஸில் கொஞ்ச நாள் ஓடியதோடு சரி. ஒழுங்கான விநியோகம் கிடைத்தது 1991இல், கசவெட்டிஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து. மேபலுக்கு நிகரான ஒரு வேடம், சொந்த நாட்டில் பதின்மூன்று பதினான்கு வருடம் கிடப்பில் கிடந்தது. இழப்பு என்றால் இதுதான். ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் கணவரின் கனவு அல்ல, பார்க்க மறுத்த சந்தை. ஸ்பெயினில் இயக்குநர் அல்மதோவர் அதைப் பார்த்திருந்தார். தன் 'ஆல் அபௌட் மை மதர்' படத்தை, நடிகைகளாக நடித்த நடிகைகளுக்குக் காணிக்கையாக்கினார். அங்கே ஹாலிவுட் நடிகை பெட்டி டேவிஸ் பெயருக்குப் பக்கத்தில் ரோலண்ட்ஸ் பெயர் இருக்கிறது. சிறுவயதிலிருந்தே ரோலண்ட்ஸுக்கு டேவிஸ் என்றால் உயிர். 1979இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் டேவிஸின் மகளாகவே நடித்தார்.

கணவர் 1989இல் போனபின் அவர் நின்றுவிடவும் இல்லை. ஜிம் ஜார்முஷின் 'நைட் ஆன் எர்த்'தில் டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நடிகர் தேர்வாளராக வந்து போவார், பாருங்கள், கொள்ளை அழகு. மகன் நிக் கசவெட்டிஸின் படம், மகள் ஸோயியின் படம் இரண்டிலும் நடித்தார். நம் மீரா நாயர் இயக்கிய 'ஹிஸ்டெரிக்கல் பிளைண்ட்னெஸ்' அவருக்கு எம்மி விருது வாங்கித் தந்தது. 2004இல் வந்த 'தி நோட்புக்'கில் நினைவு தப்பிய முதியவளாக நடித்தார். அவருடைய அம்மாவுக்கும் அல்சைமர் இருந்தது, அவருக்கும் பிறகு வந்தது. 2024 ஆகஸ்டில் 94 வயதில் இறந்தார்.

இப்போது நீங்கள் பார்க்காமல் விட்ட அந்தப் பாதிக்கு வருகிறேன். ஆறு மாதம் கழித்து மேபல் வீடு திரும்புகிறாள். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தன் அப்பாவிடம், எனக்காக எழுந்து நில்லுங்கள் என்கிறாள். ஆங்கிலத்தில் அதற்கு எனக்காகப் பேசுங்கள், என் பக்கம் நில்லுங்கள் என்று பொருள். அப்பாவுக்குப் புரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் அப்பா என்கிறாள். மறுபடியும் கேட்கிறாள். இதை ரோலண்ட்ஸ் ஒரு கையசைப்பும் இல்லாமல், குரலை உயர்த்தாமல் செய்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கடுமையானதுதான். ஆனால் கடைசியில் குழந்தைகள் தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் மேசையை ஒதுக்குகிறார்கள். அவர்களுக்குத் தனியாகப் படுக்கையறை கிடையாது, சாப்பாட்டு அறையில்தான் படுக்கை. அதை இரண்டு பேருமாக இழுத்து விரிக்கிறார்கள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

அந்தப் பாதியைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.