மதியச் சோறும் சிம்பொனியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மெக்டவல் கலைஞர் குடியிருப்பில் தங்கி இசை எழுதிய பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். காட்டுக்குள் தனிக் குடில், வாசலுக்கு வரும் சாப்பாடு. இதெல்லாம் இருந்தால்தான் பெண்களுக்கு இசை வருமா? எங்கள் அப்பாயி நடவு நட்டுக்கொண்டே பாட்டுக் கட்டியவர். அவருக்கு யார் குடில் கொடுத்தார்கள்? நானும் பாத்திரம் கழுவும்போதுதான் மெட்டுப் போடுகிறேன்.

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

கோபம் நியாயம்தான். ஆனால் நடவுப் பாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருத்தி இரண்டடி பாட, வரிசையில் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியிலேயே அவள் அடுத்த அடியைக் கட்டிவிடுவாள். நாற்று முடி தீர்ந்தால் நிறுத்தலாம், வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். தாலாட்டும் பிள்ளை தூங்கியதும் முடிந்துவிடும். யாரும் எந்நேரமும் கூப்பிடக்கூடிய வாழ்க்கையில், எங்கே அறுத்தாலும் குறைபடாத வடிவத்தை நம் பெண்கள் உண்டாக்கினார்கள். எனக்கு அது பெரிய சாதனையாகவே படுகிறது. ஆனால் சுமார் 40 நிமிடம் ஓடும் சிம்பொனியை அப்படி எழுத முடியாது. முதல் பகுதியில் போட்ட மெட்டு நான்காம் பகுதியில் என்ன ஆகும் என்பதை மாதக்கணக்கில் மண்டைக்குள் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஏமி பீச் தன் ‘கேலிக் சிம்பொனி’யை வீட்டிலிருந்தே எழுதினாரே என்பீர்கள். ஆமாம், 1896ல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு அதை வாசித்தது. வசதியான டாக்டரின் மனைவி, பிள்ளைகள் இல்லை, வீடே குடில்தான். (சும்மா கிடைக்கவில்லை. 18 வயதில் கல்யாணமானதும் அவர் மேடையில் பியானோ வாசிப்பதைக் கணவர் வெகுவாகக் குறைத்துவிட்டார்.) கணவர் இறந்து பல வருஷம் கழித்து, 1921ல் மெக்டவலுக்குப் போனார். அங்கே ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவையின் கூவலைக் கேட்டு அவர் எழுதிய இரண்டு பியானோ உருப்படிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குயில் நம் ஊரிலும்தான் கூவுகிறது. எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடைதான் பெரிதாகத் தெரிகிறது. வாசலில் வைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் போய்விடுவார்கள்.

ரூத் க்ராஃபோர்டு என்ற இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் 1929 கோடையில் அங்கே இருந்தார். மேரியன் பாவர் என்ற மூத்த இசையமைப்பாளரின் நட்பு அங்கேதான் கிடைத்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள். நாட்டுப்பாடல்களைச் சுரப்படுத்துவதும் குழந்தைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுப்பதுமாகக் காலம் போயிற்று; சொந்தப் படைப்பு ஏறக்குறைய நின்றே போனது. 1952ல் காற்றுக் கருவிகளுக்கு ஒரு பெரிய உருப்படி எழுதித் திரும்பி வந்தார். மறுவருஷமே புற்றுநோயில் இறந்தார்.

நம் பக்கத்துக் காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெண்பாவின் முடிவு அடுத்ததின் தொடக்கமாக 101 பாட்டு ஓடும் அற்புதத் திருவந்தாதியை அவர் எப்போது பாடினார்? கணவனுக்கு மாம்பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அல்ல, அவன் விட்டுப் போய், இவரும் பேயுருவம் கேட்டு வாங்கிய பிறகு என்கிறது பெரிய புராணம். சோறாக்குவதிலிருந்து விடுபட உடம்பையே உதற வேண்டியிருந்தது என்று நான் குறும்பாக நினைத்துக்கொள்வதுண்டு.

திருவையாறு, கும்பகோணம் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கா பஞ்சம்? ஒன்றைத் திறந்து நான்கு பெண்களை ஒரு மாதம் உட்காரவைக்க யாராவது முன்வந்தால், சமையலுக்கு யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நான்கு பேரும் முறை வைத்துச் சமைப்பார்கள் என்று பதில் வந்தால் போகாதீர்கள்.